எங்கள் பேச்சைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்: தருமபுரி மாவட்ட ஊராட்சித் தனி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தின் 251 ஊராட்சிகளுக்கும் 2019 டிசம்பரில் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஊராட்சியின் கணக்கும் கையெழுத்தும் தீர்மானப் புத்தகமும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. நான் பென்னாகரம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் மகளிர் குழுவில் இருப்பவள். எங்கள் ஊர் மகளிர் குழுக்கள் எல்லாம் சேர்ந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் பொறுப்பில் இருக்கிறேன். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். கிராம சபையில் பெண்கள் எழுந்து பேசுவதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.

இதை ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், இப்போது எங்களுக்கு வேறு வாசல் இல்லை. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டத் திருத்தம் வந்தது. அதன்படி எங்கள் ஊர்களில் முதலில் நடந்த தேர்தல் 2019 டிசம்பர் தேர்தல்தான். வார்டுகளில் பாதி பெண்கள், தலைவர் பதவிகளில் பாதி பெண்கள். அதில் எத்தனை பேரை உண்மையில் வேலை செய்ய விட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கணவரோ கொழுந்தனோ நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டிய ஊராட்சிகள் உண்டு. ஆனாலும் வார்டு உறுப்பினராக ஒரு பெண் இருந்தால், இரவு எட்டு மணிக்கு அவள் வீட்டு வாசலில் நின்று "அக்கா, மூணு நாளா தண்ணி வரல" என்று சொல்ல முடிந்தது. அவளும் அடுத்த நாள் ஊராட்சி செயலரிடம் போய்ச் சத்தம் போடுவாள். அந்த மன்றம் காலாவதியானபோது, சட்டம் எங்களுக்குக் கொடுத்த பாதி இடமும் சேர்ந்து போய்விட்டது.

கிராம சபைக்குக் காலாவதி கிடையாது. வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர்கள். மன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூட வேண்டும். எங்களுக்கு இப்போது மிஞ்சியிருப்பது இந்த ஆறு நாள்தான்.

அந்த ஆறு நாளும் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். கோரம், அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அந்த எண்ணிக்கையை நிரப்புவது பெரும்பாலும் நாங்கள்தான். குழுவுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் தகவல் வரும், "குழுவுக்குப் பத்துப் பேராவது கண்டிப்பா வரணும்" என்று. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதே தகவல். வாசலில் மேசை போட்டு, உள்ளே நுழையும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து எந்தத் தீர்மானத்துக்குக் கீழே போய்ச் சேருகிறது என்று போட்டவர்களுக்குத் தெரியாது. ஜமக்காளத்தில் பெண்கள், நாற்காலியில் ஆண்கள். கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலரான பற்றாளர் வருகிறார். மேலிருந்து வந்த கூட்டப் பொருள்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்: டெங்கு, குப்பை, பிளாஸ்டிக், வீட்டு வரி, வரவு செலவு. எல்லாம் வேண்டிய விஷயங்கள்தான். அதை முடித்து "பொதுமக்கள் ஏதாவது கேட்கணுமா?" என்று அவர் நிமிரும்போது மதியம் ஆகிவிடுகிறது. களி கிண்டவும் மாட்டைத் தண்ணீருக்கு அவிழ்க்கவும் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். மிச்சம் இருக்கிற ஒருத்தி எழுந்து பேசினால், "சரிம்மா, பாக்கறோம்" என்று பதில் வரும். அது பதில்தான், பதிவு இல்லை.

உங்கள் சிரமமும் எனக்குப் புரிகிறது. மாவட்டத்தில் பத்து ஒன்றியங்கள். வட்டார வளர்ச்சி அலுவலர்களான நீங்கள்தான் தனி அலுவலர்கள்; ஒருவர் தலையில் சராசரியாக இருபத்தைந்து ஊராட்சிகள். ஒரே நாள், ஒரே நேரம் கூடுகிற இத்தனை கிராம சபைகளில் நீங்கள் ஒன்றில்தான் உட்கார முடியும். மற்ற இடங்களில் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் அந்தப் புத்தகம் ஒன்றுதான் வழி. அதில் எங்கள் பேச்சு இல்லையென்றால், நாங்கள் பேசவே இல்லை என்றுதான் உங்களுக்கும் ஆகும். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் ஆகும்.

ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர்.

நம் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்பதை இங்கே பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் பல்லில் ஏறுகிற பழுப்புக் கறை, ஐம்பது வயதுக்குள் குனிய முடியாமல் போகிற முதுகு, மடக்க முடியாத முழங்கால் எல்லாம் பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. இதற்காகத்தான் ஜப்பானிய நிதியுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது. 2013-இல் தண்ணீர் திறந்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது.

ஆனால் எங்கள் ஊராட்சியில் ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏறுகின்றன. ஒகேனக்கல் வரத்து குறைகிற நாளில் டேங்க் ஆபரேட்டர் போர் மோட்டாரைப் போடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் வரவில்லை என்றால் நாங்கள்தான் அவரைப் போய்க் கேட்போம். ஆனால் கலந்துவிட்ட பிறகு குழாயில் வருவது எது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று நம்புகிற தாய்மார்கள் நிறைய. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். இதை ஒரு கிராம சபையில் யாராவது எழுந்து சொல்லியிருந்தால் போதும், எத்தனையோ வீடுகளில் பழக்கம் மாறியிருக்கும்.

சொல்லத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் பயிற்சி நடந்தது, பெட்டியும் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியை வைத்து ஃபுளோரைடு, குளோரின், கடினத்தன்மை எல்லாம் பார்க்கலாம். மருந்து விட்டதும் மாறுகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பெண்கள் எந்தத் தெருக் குழாயில் என்ன அளவு என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த நோட்டை இதுவரை எந்தக் கிராம சபையிலும் யாரும் திறக்கச் சொன்னதில்லை. நாங்களாக எழுந்து, "குடிக்கிற தண்ணிக்குத் தனித் தொட்டி, தனி லைன் வேணும், போர் தண்ணி புழங்கறதுக்கு மட்டும் இருக்கட்டும்" என்று கேட்டோம். பின்னால் தீர்மான நகலை வாங்கிப் பார்த்தால் "குடிநீர் விநியோகம் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வரி. யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், என்ன முடிவு எதுவுமே இல்லை.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் எந்த அலுவலகத்துக்குப் போக முடியும்? திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தால், "கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போட்டோம் என்று சொல்ல எங்களிடம் காகிதம் இல்லை.

பெண்கள் சொன்னது ஏட்டில் ஏறுகிறதா இல்லையா என்பது இந்த மாவட்டத்தில் சாதாரண விஷயம் இல்லை, ஐயா. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஊழியர்கள் 18 பெண்களைச் சீரழித்தார்கள், வீடுகளை உடைத்தார்கள், ஆட்டையும் தானியத்தையும் கூட விடவில்லை. அந்த மக்கள் சொன்னது பொய், அதிகாரிகள் எழுதியதுதான் உண்மை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் கூட நின்றார்கள், உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, சிபிஐ வந்தது. தருமபுரி நீதிமன்றத்தில் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்று நடந்ததைச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண்கள் பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்கும் ஊருக்கும் நடந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் தங்கள் சொல் ஏற வேண்டும் என்பதற்காக அவ்வளவு காலம் நின்றார்கள். தொட்டிக்குத் தனி லைன் கேட்பதை அந்தக் கொடுமையோடு ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் நாங்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் பிறந்த மாவட்டம் இது. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதலில் தொடங்கியது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். இங்கே நடந்ததைப் பார்த்துத்தான் அது மற்ற மாவட்டங்களுக்குப் போனது, 1997-98-இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க வந்தது. அந்த முதல் குழுக்களில் சேர்ந்த பெண்கள் இன்று பாட்டிமார்கள். வங்கிக்குள் போகவே பயந்த காலம் அது. மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசப் பழகியதைத்தான் அவர்கள் பெரிய விஷயமாகச் சொல்வார்கள், வாங்கிய கடனை இல்லை. 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 2011-இல் 913. சட்டமும் தொட்டில் குழந்தைத் திட்டமும் வீதி நாடகங்களும் எல்லாம் சேர்ந்து செய்த மாற்றம் அது. ஆனால் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, மாமியாரிடம் பேசி, அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் குழுப் பெண்கள்தான். இதெல்லாம் எந்தக் கூட்டப் பொருளிலும் இருந்ததில்லை.

இப்போது எங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அமைச்சர் வருகிறார், ஐம்பது பேர் ஒரே நிறப் புடவையில் வாருங்கள். விழிப்புணர்வுப் பேரணி, பதாகை பிடியுங்கள். கோலம் போடுங்கள், உறுதிமொழி எடுங்கள். வருகிறோம். அதோடு கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் என்று வீடு வீடாகப் போய் யாருக்கு ரேஷன் அட்டை இல்லை, யாருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, எந்த வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறார் என்று எழுதியும் கொடுக்கிறோம். அது ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சேர்ந்ததா என்று கேட்டால் "ஆன்லைன்ல ஏத்தியாச்சு" என்கிறார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்ததில் எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது, ஏன் என்று கிராம சபையில் ஒருமுறையாவது வாசியுங்கள்.

அப்புறம், சின்ன வயதுக் கல்யாணம். தைக்கு மேல் முகூர்த்தங்கள் தொடங்கினால் எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்கள் வயசுக்கு வந்த பெண்ணை ஊரில் தனியாக விடப் பயந்து கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்கிறவள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பெண்தான். அவள் பெயர் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு அவள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கூட நிற்க முடிவதில்லை. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைமை. இப்போது தலைவர் இல்லை. அந்தக் குழு எங்கள் ஊரில் எப்போது கூடியது என்று எனக்குத் தெரிந்த யாராலும் சொல்ல முடியவில்லை. தலைவரின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். தயவுசெய்து கூட்டுங்கள். பள்ளித் தலைமையாசிரியர், அங்கன்வாடி ஊழியர், கிராம செவிலியர் எல்லோரையும் உட்கார வைத்து, எட்டாவது முடித்து ஒன்பதாவதுக்கு வராத பெண் பிள்ளைகள் யார் என்று முதலில் கேளுங்கள். தகவல் சொன்னவரின் பெயர் அந்த அறையை விட்டு வெளியே போகாது என்று உறுதி கொடுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்கும்போது, பேசியவளின் பெயரை எப்போதும் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. டாஸ்மாக் கடையைப் பற்றி, மணல் வண்டியைப் பற்றி, சாதி பார்த்துத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசுகிறவளுக்கு அன்றைக்கே வீட்டில் மிரட்டல் வரலாம். அவளிடம் கேளுங்கள். சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள், இல்லையென்றால் எங்கள் கூட்டமைப்பின் பெயரில் எழுதுங்கள். கேட்ட விஷயம் மட்டும் சுருங்காமல் இருக்கட்டும்.

இடமும் அப்படித்தான். ஊர்ப் பொது இடத்தில் மட்டுமே கூட்டம் போட்டால் காலனிப் பெண்கள் வருவதே இல்லை, வந்தாலும் ஓரத்தில் நிற்கிறார்கள். 2012-இல் இந்த மாவட்டத்தில் சாதி வன்முறையில் நத்தம் காலனி எரிந்ததை அவர்களில் யாரும் மறக்கவில்லை. வார்டு வார்டாகச் சுழற்சியில் கூட்டம் போடுங்கள். ஒரு கிராம சபை காலனி அங்கன்வாடி முன்னால் நடக்கட்டும், ஊர்க்காரர்கள் அங்கே வரட்டும். வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைப் பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே அரை நாள் ஆகிற இடத்தில், ஒரே இடத்தில் போடும் சபைக்குக் கைக்குழந்தைக்காரி எப்படி வருவாள்?

நேரத்தையும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். தக்காளிப் பருவத்தில் பாலக்கோடு பக்கம் விடியற்காலையிலேயே பறிப்புக்குப் போய்விடுகிறோம். ஓசூர் கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களுக்கு ஷிப்ட். மாலை நான்கு மணிக்கு மேல் என்றால் வர முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பு பெண்கள் மட்டும் கூடும் மகளிர் சபை. மகாராஷ்டிராவில் கிராம சபைக்கு முன் பெண்கள் சபை நடக்க வேண்டும் என்று ஊராட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றிய ஊராட்சி அமைச்சகமும் மாநிலங்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறது. ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் பள்ளிக் கழிப்பறையைப் பற்றி, பேருந்து நிறுத்தத்தில் விளக்கு இல்லாததைப் பற்றி எங்கள் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டால் ஒருத்தி எழுந்து படித்தாலே போதும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கூட்டமைப்புகள் எல்லா ஊராட்சியிலும் இருக்கின்றன, கூட்டம் நடத்தவும் பதிவேடு எழுதவும் எங்களுக்குத் தெரியும். மகளிர் சபையின் முடிவுகளைக் கூட்டப் பொருளில் முதல் பொருளாக வைக்கிறேன் என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

தேர்தல் எப்போது என்று உங்களிடம் கேட்டுப் பயனில்லை, அது உங்கள் கையில் இல்லை. ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. அந்தக் கேள்வியை நாங்கள் அரசாங்கத்திடம் கேட்டுக்கொள்கிறோம். தேர்தல் வரும்போது எங்கள் குழுக்களிலிருந்து பெண்கள் நிற்பார்கள். அவர்களுக்கு இப்போதே பழக்கம் வேண்டும். தீர்மானம் எப்படி எழுதுவது, வரவு செலவு எப்படிப் படிப்பது, மதிப்பீடு என்றால் என்ன என்று தெரிந்தவளுக்குப் பதிலாகக் கணவர் வந்து உட்கார முடியாது. இந்த இடைக்காலத்தில் கூட்டமைப்புப் பெண்களை அலுவலகத்துக்கு அழைத்து ஊராட்சிப் பதிவேடுகளைத் திறந்து காட்டுங்கள். உங்களில் சிலர் பெண்கள். எத்தனை அலுவலகங்களில் உங்கள் பேச்சைக் காதில் வாங்காமல் பக்கத்து ஆணிடம் திரும்பிப் பதில் சொன்னார்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

எங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபைக்கு முந்தின வாரம் மகளிர் சபையை நாங்களே கூட்டப் போகிறோம். தண்ணீர்ப் பரிசோதனை நோட்டை எடுத்து வருவோம், கடந்த கூட்டங்களின் தீர்மான நகல்களையும் எடுத்து வருவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்டு வாங்கிய நகல்கள் அவை. இனி அப்படிக் கேட்டு வாங்க வைக்காமல், கூட்டம் முடிந்த ஒரு வாரத்தில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கூட்டம் தொடங்கியதும் போன முறை போட்ட தீர்மானங்கள் என்ன ஆயின என்று பற்றாளர் முதலில் வாசிக்க வேண்டும் என்றும், கையெழுத்தை வாசலில் வாங்காமல் கடைசியில் வாங்க வேண்டும் என்றும் உங்கள் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சி செயலர்களுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அதன் ஒரு பிரதியை எங்கள் கூட்டமைப்புக்கும் அனுப்பினால், ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் வாசித்துக் காட்டுவோம்.

இப்படிக்கு,
ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர்,
பென்னாகரம் வட்டாரம், தருமபுரி மாவட்டம்